மொழிபெயர்ப்புக்கு நின்ற கணக்கு டீச்சர்

ஆறு பேர் வந்தார்கள்,
பூசான் என்றொரு துறைமுகத்திலிருந்து.
அவர்கள் பேச்சை இங்கிலீஷாக்க ஒரு பாஸ்டர்,
அந்த இங்கிலீஷைத் தமிழாக்க நான்.
அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை.
இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்பது
கரும்பலகையில் மட்டும்தான்.

தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு
அந்தக் கவலையெல்லாம் இல்லை.
அட்டையை மடித்துத் தரையில் அடித்து
எதிராளி அட்டையைப் புரட்டும் விளையாட்டு ஒன்றை
திங்கட்கிழமை காலையில் கற்றுக்கொடுத்தார்கள்.
சத்துணவு மணி அடிப்பதற்குள்
கொண்டுவந்த அட்டை முழுவதும்
ஐந்தாம் வகுப்பு ஹாஜிராவின் மடியில்.
"தோத்துட்டுக் கைதட்டுறாங்களே, ஏன் டீச்சர்?"
என்றான் நிஜோ.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

யேரிம் என்ற பெண்ணுக்கு இருபது வயசிருக்கும்.
வெயிலுக்குப் பயந்து முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு.
ஏரிம் அக்கா, ஏரிம் அக்கா என்று
கண்மாயில் குதிப்பதுபோல் அவள்மேல் குதித்தார்கள்.
நகரை மீனில் முள் எடுப்பது எப்படி என்று
மூன்று பேர் சேர்ந்து அவளுக்குப் பாடம் நடத்தினார்கள்.
நாலாவது ஆள் அதற்குள் மீனைத் தின்றுவிட்டான்.

புதன் சாயங்காலம் பாஸ்டரைத் தனியே அழைத்தேன்.
போன வருசமும் ஒரு குழு வந்தது, வேறு தேசம்.
கடிதம் போடுவோம் என்றார்கள்.
தபால்காரர் எங்கள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம்
வகுப்பு மொத்தமும் ஜன்னலுக்குப் போகும்.
அரைப் பரீட்சைவரை போனது.
எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்,
எழுதுவோம் என்று மட்டும் வேண்டாம்.
அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜெபம்.
உங்களுக்காக எதைக் கேட்கட்டும் என்றார்கள்.
ரிமோட் கார்.
அம்மாவின் சர்க்கரை குறைய வேண்டும்.
பரீட்சையில் கணக்கே வரக் கூடாது
(அதையும் அப்படியே சொன்னேன்).
கடைசியில் மிக்கேல்தாசன் எழுந்து
ஆஜர் சொல்லுகிற குரலில்
ஒரு படகு எண்ணைச் சொன்னான்,
எழுத்தும் இலக்கமுமாக, ஒன்று விடாமல்.

"டெலிபோன் நம்பரா?" என்றார் பாஸ்டர்.
இல்லை, படகு.
"படகு வேண்டுமா?"
இல்லை.
அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.
சிறை என்பதற்கு இங்கிலீஷ் தெரியும்.
சொன்னால் அவன் தகப்பனைத்
திருடன் என்று நினைத்துவிடுவார்கள்.
காவல் என்றால்
பத்திரமாய் இருக்கிறார் என்றாகிவிடும்.

என் திணறலைப் பார்த்தவன்
என்னை விட்டுவிட்டு
நேராக அவர்கள் பக்கம் திரும்பி
"அப்பா" என்றான்.

பாஸ்டர் வாய் திறக்குமுன்
யேரிமின் கை அவன் தோளில் இருந்தது.
அவர்கள் ஊரிலும் அது அப்பாதான் என்று
ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.
அந்த நிமிடம் நினைத்ததோ வேறு:
அடிப்பாவி, தமிழ் தெரிந்துகொண்டா
ஐந்து நாளாய் என்னை இந்தப் பாடு படுத்தினாய்.

அவள் ஜெபித்தாள், அவள் பேச்சிலேயே.
எனக்குப் புரிந்தது மூன்று அப்பா.
அதில் எது பரலோகத்தில் இருப்பவர்,
எது யாழ்ப்பாணத்தில் இருப்பவர் என்று
பிரித்துச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை வேன் கிளம்பியது.
எழுதுவோம் என்று யாரும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு கவர்.
உள்ளே தாள் நிறைய
பார்த்து வரைந்த தமிழ், ஒரே சொல்:
அப்பா. பக்கத்தில் கேள்விக்குறி.
நடு எழுத்தின் புள்ளி
தலையில் நிற்காமல் காலடியில் கிடந்தது.

மிக்கேல் என் சிவப்புப் பேனாவை வாங்கி
புள்ளியை இருக்கவேண்டிய இடத்தில் வைத்தான்.
பிறகு,
"பதில் போடணுமே, இங்கிலீஷ் சொல்லுங்க டீச்சர்."
இங்கிலீஷ் வேண்டாம், எண்ணாய் எழுது என்றேன்.

அடுத்த வாய்தா தேதியை எழுதினான்.
பக்கத்தில் நாலு விரல் அகலம் வெறுமனே விட்டான்.
ஏன்டா என்றேன்.
"தள்ளிப்போடுவாங்க டீச்சர்."