மூன்று பாகை உயரத்தில்

எல்லாக் கையேடுகளும் ஒரே வரியில் தொடங்குகின்றன:
முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள்.

எழுதியவர்கள் பகாவுக்கு வந்ததில்லை.
இங்கே அது தரையிலிருந்து மூன்று பாகை,
நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம்.
அந்த இரண்டு விரலுக்குள்
செம்பனை மட்டை, ஆலைப் புகை,
பெய்யப்போகும் மேகம், பெய்து முடித்த மேகம்.
ஆறு வருடமாக நாங்கள் நால்வரும்
பார்த்தேயிராத ஒன்றை நோக்கித்தான்
முக்காலியைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளி இரவு, பஸ் நிலையத்து மாமாக் கடை.
நான் ஆலையின் எடைமேடையில் லாரி நிறுப்பவள்.
செபஸ்தியான் ஏர்கோன் பழுதுபார்ப்பவன்.
லியோங்குக்கு மோட்டார் உதிரிபாகக் கடை;
எங்களில் திருத்தமாகத் தமிழ் பேசுவது அவர்தான்.
குணவதி பல் கிளினிக்கில் வேலை.

கைப்பேசி கை மாறும்,
தே தாரேக் நுரை திரையில் ஒட்டும்.
"ஓரியனில் இந்தச் சிவப்பு நிஜமா?
கண்ணுக்குத் தெரியாதது எப்படி நிஜம்?"
செபஸ்தியான் விடமாட்டான்.
"உன் கடைவாய்ச் சொத்தையும்தான் தெரியவில்லை,
எக்ஸ்ரே காட்டியதும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்?"
பக்கத்து மேசை பந்தாட்டத்தை விட்டு
எங்களைப் பார்க்கும்.

போன வருடம் நிலவைச் சுற்றி ஒரு வளையம் பிடித்து
மூன்று வாரம் கொண்டாடினோம்.
லென்ஸில் பூத்த பூஞ்சை அது.
லியோங் அதையும் சட்டம் போட்டு
கடையில் மாட்டியிருக்கிறார், செயின்களுக்கு நடுவே.
வெள்ளியைப் பிடிக்க இன்னும் எத்தனை வெள்ளி என்று
செபஸ்தியானின் மனைவி கேட்ட கேள்வி
அப்படியே நிற்கிறது.

பிறகு பதினான்காம் நம்பர் காட்டில்
கிழட்டு மரங்களைச் சாய்த்தார்கள். மறுநடவு.
எடைமேடையில் எனக்கு அது குலை குறைந்த கணக்கு.
மற்ற மூவருக்கும் அது வடக்கு.
முதல்முறையாக வடக்கில் ஒன்றுமில்லை.

தைப்பூசம் முடிந்து பதினைந்தாம் நாள், அமாவாசை.
காவல்காரருக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங்.
வெட்டிய அடிமரங்களுக்கிடையே முக்காலி.
காண்டாமிருக வண்டுகள்
கைவிளக்கில் வந்து வந்து முட்டின.
நான்கு மணி நேரம், நானூற்று எண்பது படங்கள்.
வடக்கில் எதுவும் தெரியவில்லை,
கொசு மட்டும் கொள்கையில் உறுதியாக இருந்தது.

அடுத்த வெள்ளி, மடிக்கணினியில்
படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள் குணவதி.
விண்மீன்கள் வில்லாக வளைந்து
மண்ணில் பாதி புதைந்த வளையல்களாக நின்றன.
நடுவே ஒன்று மட்டும் அசையவில்லை.
கூரான, சிவந்த புள்ளி.

"துருவன்!"
செபஸ்தியான் மேசையைத் தட்டியதில் மைலோ சாய்ந்தது.
"சிவப்பாயிருக்கிறதே?" என்றாள் குணவதி.
"அடிவானத்தில் எல்லாமே சிவக்கும்."
சிவப்பை நம்பாதவன் அன்று சிவப்புக்கு வக்கீல்.

லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.
புள்ளிக்குக் கீழே ஒரு கம்பி.
கம்பிக்குக் கீழே தொலைபேசிக் கோபுரம்.

யாரும் பேசவில்லை.
நான் சற்று இடப்பக்கம் பார்த்தேன்:
மங்கலாக ஒரு கீறல்,
வெட்டிப்போட்ட நகத்துண்டு போல.
இதுதான் என்றேன்.
எப்படித் தெரியும் என்றார்கள்.

எடைமேடையில் லாரி அசையாமல் நின்றாலும்
கடைசி எண் துடித்துக்கொண்டிருக்கும்.
துடிக்காவிட்டால் இயந்திரம் கெட்டுவிட்டது.
அசையாதது என்று பேர் வாங்கியது
நான்கு மணி நேரத்தில்
முழுநிலவின் அகலத்தைவிடச் சற்றே கூட
நகர்ந்திருக்கிறது.
அடியோடு நகராமல் நின்றது
நாற்பது வாட் விளக்கு.

லியோங் கணக்குப் போட்டுப் பார்த்தார், சரியாக வந்தது.
விளக்கை அழித்துவிடலாமா என்று கேட்டாள் குணவதி.
செபஸ்தியான் கூடாது என்றான்,
நான் கூடாது என்றேன், வேறு காரணத்துக்கு.
நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கும்வரை
அந்தப் பேச்சு முடியவில்லை.

வெளியே வரும்போது சொன்னேன்,
பதினான்காம் நம்பரில் கன்று இறங்கிவிட்டது.
"மறைக்க எட்டு வருடம் ஆகுமா?" என்றார் லியோங்.
ஐந்து, என்றேன்.
இந்த முறை உரம் கூடுதல்.
நிறுத்தது நான்தானே.