வடக்கு, தெற்கு, நடு

பிடோக் தொழிற்சாலையில்
இருட்டுக்குள் உட்காருவதுதான் எனக்கு வேலை.
செப்புக் கம்பி சுற்றிய ஒரு கூண்டு,
அதற்குள் படக்குழாய், எதிரே நான்,
முழங்கால் உயரத்தில் ஒரு திருகு:
வடக்கு, தெற்கு, நடு.

பூமியின் காந்தம் ஊருக்கு ஊர் வேறு
என்று கிதாமுரா சொல்லிக்கொடுத்தார்.
ஹாம்பர்க் போகிற குழாயை
ஹாம்பர்க்கின் இழுப்பில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.
இல்லாவிட்டால் அங்கே
செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் பச்சை படியும்.
பகல் ஷிப்டில் வடக்கு,
இரவில் பெரும்பாலும் தெற்கு, பெர்த், சிட்னி.
இந்த ஊருக்கென்றால் நடு.
பாஸ்போர்ட்டே எடுக்காத நான்
போய்வந்த தூரம் கொஞ்சமில்லை.

குழாயை அவர் “புரவுன்-கான்” என்பார்.
பிரவுன் என்றால் பழுப்பு.
நாங்கள் மூவரும் தேடினோம்.
கண்ணாடி சாம்பல், கழுத்து கறுப்பு,
புள்ளிகள் சிவப்பு, பச்சை, நீலம்.
பழுப்பு இதோ என்று
சியூ ஹுவா தே-ஓ குவளையைத் தூக்கிக் காட்டினாள்.
ரொசிடா தன் கையைக் காட்டினாள்,
பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள்.
கிதாமுராவுக்குச் சிரிப்பு வரவில்லை.
பரிசோதனை அட்டையின் பின்பக்கம் எழுதினார்:
வேணி-சான், அது நிறம் அல்ல. ஆள்.

ஆள்.
ஜெர்மன்காரர், பேராசிரியர்.
காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக்குள்
ஒரு கதிரைக் காந்தத்தால் மேலும் கீழும் ஆட்டி,
மின்சாரத்தைத் தன் அலையைத்
தானே வரைந்து காட்ட வைத்தவர்.
அதற்கு இருபது வருஷம் முன்பே
தாதுக்கல் ஒன்றில் கம்பியை ஊன்றி
மின்னோட்டம் ஒரு பக்கம் போகிறது,
மறுபக்கம் வர மாட்டேன் என்கிறது
என்று கண்டு சொன்னவர்.

மிச்சத்தை ஸ்டாம்ஃபோர்ட் சாலை நூலகத்தில்
நின்றுகொண்டே படித்தேன்.
காப்புரிமை வழக்கொன்றில் சாட்சி சொல்ல
போர் நடக்கும்போதே நியூயார்க் போயிருக்கிறார்.
பிறகு அந்த நாடும் போரில் இறங்கிவிட்டது.
திரும்ப விடவில்லை.
புரூக்ளினில் மகனோடு இருந்து
அங்கேயே செத்துப்போனார்.
புத்தகத்தை மூடும்போது
அந்தக் கல்தான் கண்ணில் நின்றது.

எண்பத்தைந்தில் ஆட்குறைப்பு.
ஜொகூரிலிருந்து விடிகாலைப் பேருந்தில்
பாலம் கடந்து வந்தவர்கள் முதலில்.
திங்கட்கிழமை ரொசிடாவின் நாற்காலியில்
சியூ ஹுவா தன் பையை வைத்தாள்,
வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல்.
புதன்கிழமை நாற்காலியையே எடுத்துப்போனார்கள்.

அன்றைக்கு என் கூண்டில் இருந்தது
ஹாம்பர்க் குழாய்.
வடக்கில் வைத்துப் பார்த்தேன்.
கட்டம் கட்டமாய் வெள்ளைக் கோடுகள்,
நூல் பிடித்த மாதிரி.
என்ன தோன்றியதோ, திருகை நடுவுக்குத் தள்ளினேன்.
வலது மூலையில் வெள்ளை கலைந்து
செம்மை ஊறி வந்தது,
துணியில் வெற்றிலைச்சாறு போல.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் கிதாமுரா நின்றிருந்தார் போல,
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

திருகை வடக்குக்கே திருப்பினேன்.
அட்டையில் “குறை இல்லை” என்று எழுதி
இருபத்தேழாம் எண் முத்திரையைக் குத்தினேன்.
வைக்கோல் நிறப் பெட்டிக்குள்
முகத்தைக் கீழே கவிழ்த்துக் கட்டினார்கள்.
பெட்டிமேல் அவர் பெயர் கிடையாது.
கப்பல் ஏறி
அது மட்டும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.