தூண் சி-14

சுற்றறிக்கை ஒன்றரைப் பக்கம்.
கடை ஊழியர் எவரும் அடித்தளம் ஒன்று, இரண்டு, மூன்றில்
வண்டி நிறுத்தக் கூடாது.
சுற்றுத் தெருக்களில் நிறுத்தி
அக்கம்பக்கத்தார் புகார் சொல்லும்படியும் நடக்கக் கூடாது.
வேறெங்கே என்று தேடினேன்.
மீதி அரைப்பக்கம் காலி.
பெற்றுக்கொண்டேன் என்று
அதில்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

ஈஜிபுராவில் நாலாவது கிராஸ்.
வனஜாக்ஷி ஆன்ட்டி வீட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே
ஒரு ஸ்கூட்டி அளவுக்கு பூமி இருந்தது.
மூன்று மாதம் அது என்னுடையது.
பிறகு ஒரு தொட்டி வந்தது. கற்றாழை.
மறுவாரம் இன்னொன்று, அதில் செடிகூட இல்லை,
மண் மட்டும்.
"இல்லி பேடம்மா" என்றார் மாடியிலிருந்து
துணி காயப்போட்டபடி, கோபமே இல்லாமல்.
கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அதன்பின் மைதானத்து மதிலோரம்.
அங்கிருந்து கடைக்குப் பதினெட்டு நிமிட நடை,
ஒன்பது மணி நேரம் நிற்கப்போகும் கால்களுடன்.
நான் விற்பது ஷூ.
"நடக்க ரொம்ப சௌகரியமா இருக்கும் ஸார்"
என்று முட்டிபோட்டு லேஸ் கட்டிவிடுவேன்.
அவர்கள் லிஃப்டில் இறங்கி
நேரே காருக்குப் போவார்கள்.

இரவு பத்தேகாலுக்குத் திரும்பினால்
ஸீட்டில் மழை. அல்லது நாய்.
அல்லது யாரோ குடித்துவைத்த டீ கப்.
ஸீட்டுக்கு மாட்ட ஒரு பாலிதீன் பை வைத்திருக்கிறேன்,
ஸ்டாக் வந்த பெட்டியில் கிடைத்தது.
ஒரு தரம் வண்டியே இல்லை.
சாக்பீஸால் ரோட்டில் எழுதிவிட்டுத் தூக்கிப் போயிருந்தார்கள்.
பாதி அழிந்த என் நம்பருக்குப் பக்கத்தில்
கொஞ்ச நேரம் நின்றேன்,
அதைப் பூட்டப்போகிறவள் மாதிரி
சாவி கையில்.
ஆட்டோவுக்கு நூற்று அறுபது.

போன புதன்கிழமை எனக்கு வீக் ஆஃப்.
ஐடி கார்டை ஆணியில் மாட்டிவிட்டு,
கல்யாணங்களுக்குப் போடும் பச்சைக் குர்தாவில்
அந்தச் சரிவில் இறங்கினேன்.
தடுப்புக் கம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.
சீட்டைத் துப்பியது, எழுந்தது.
ஹிதேஷ்வர் பார்த்தான். அஸ்ஸாம்காரன்.
தினமும் என் பையைத் திறந்து டார்ச் அடிக்கிறவன்.
"தீதி, ஆப்?"
"கஸ்டமர்" என்றேன்.
யோசித்தான்.
பிறகு விசில் ஊதி, கைகாட்டி,
பின்னாலே, இன்னும் பின்னாலே என்று
பெரிய காருக்குச் செய்வதெல்லாம் செய்து
தூண் சி-14 பக்கத்தில் என்னை நிறுத்தவைத்தான்.

மேலே போகவில்லை.
போய் என்ன செய்ய, ஷூவா வாங்க?
வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன்.
எங்கோ குழாய் சொட்டியது.
தரையில் வெள்ளை அம்புகள்
யாருமற்ற இடங்களுக்கெல்லாம் வழி சொல்லின.
கண்ணுக்கு எட்டியவரை எண்ணினேன்:
அறுபத்துமூன்று காலி.
புதன்கிழமை மத்தியானம் அப்படித்தான்,
சனிக்கிழமை வந்து பார் என்று
லாய்ட் ஸார் குரலில் எனக்கு நானே சொன்னேன்.
சனி, ஞாயிறுக்காக
இந்தத் தரைக்கு வாரத்தில் ஐந்து நாள் வீக் ஆஃப்.

முந்நூறு ரூபாய்க்கு பில் காட்டினால் இலவசம்.
என்னிடம் பில் இல்லை. இருபது ரூபாய் கொடுத்தேன்.
மேலே வந்தபோது நல்ல மழை.
சோனி வேர்ல்ட் சிக்னலில் நின்றபோதுதான் தெரிந்தது,
தலை, தோள், குர்தா எல்லாம் சொட்ட
உட்கார்ந்த இடம் மட்டும்
கதகதப்பாகக் காய்ந்திருந்தது.
பாலிதீன் பை டிக்கியில், மடித்தது மடித்தபடி.

வியாழக்கிழமை, மதிலோரத்திலிருந்து நடந்து போனேன்.
ஹிதேஷ்வர் பையைத் திறந்தான். டார்ச் அடித்தான்.
டிபன் பாக்ஸுக்கு அடியில்
இருபது ரூபாய் ரசீது.
வெளிச்சம் அங்கே ஒரு நொடி நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
எப்போதும் திறந்தபடி நீட்டுகிறவன்
அன்றைக்கு ஜிப்பை
அவனே மூடித் தந்தான்.