வெளியீட்டாளர்: தெரியாதவர்

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
மூன்று ஒன்பதுக்கு வந்துவிட்டது.
அந்த ஒன்பது நிமிடத்துக்காக
பதினான்கு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன்,
இரவு உடைக்கு மேலேயே ரப்பர் சூட் மாட்டி,
ஃப்யோர்டின் ஓரம் முழுக்கப் பனி
பக்கவாட்டில் அறைந்துகொண்டிருக்க.

பண்ணையில் எல்லாம் தானாக எழுந்திருந்தன:
விளக்கு, பம்பு, காபி மெஷின்கூட.
கணினியும்தான் எழுந்திருந்தது.
எழுந்து, திரையை இருட்டாக்கி,
நடுவில் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தது.

இந்தச் செயலியை அனுமதிக்கலாமா?
வெளியீட்டாளர்: தெரியாதவர்.
ஆம். இல்லை.

தெரியாதவரா?
தோர்கில்ஸ்.
என் அக்காவின் முன்னாள் கணவன்.
இடது காது மந்தம்.
சிக்கெடுக்காத வலை மாதிரி நிரல் எழுதுவான்,
ஆனால் ஓடும்.
தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் வால்வைத் திற,
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.
எழுதிக் கொடுத்துவிட்டு டென்மார்க் போனவன்
என் பனி அள்ளும் மண்வெட்டியையும் கொண்டுபோனான்.
இயந்திரம் அவனை
ஊர்பேர் இல்லாதவன் என்கிறது.

ஆம் என்று அழுத்தினேன்.
கண்ணாடிக்கு அப்பால் நாற்பதாயிரம் சால்மன் குஞ்சுகள்
மேல்மட்டத்தில் வாய் திறந்து திறந்து மூடின.
ஒரு சுட்டெலியின் ஒரு சொடுக்குக்காக
அத்தனை வாய்.

காலையில் தொடக்கக் கோப்புறையில் போட்டுப் பார்த்தேன்.
விண்டோஸ் அதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போனது.
கேள்விகூட இல்லை.
ரெய்க்யாவிக்கிலிருந்து ஸ்னோர்ரி போனில்,
வாய் நிறைய சிப்ஸோடு:
"அந்தக் கேள்வியையே அணைத்துப் போடு,
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்."

இதே கணினியில்தான் சம்பளம் போடுகிறோம்.
போன இலையுதிர் காலத்தில்
தீவன பில் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்று வந்தது.
இதே பெட்டிதான் வழியில் நின்றது,
இல்லை என்று அழுத்தியது நான்தான்.
கதவைக் கழற்ற மாட்டேன், ஸ்னோர்ரி.
ஒருவனுக்கு மட்டும் சாவி வெட்ட முடியுமா?

சிப்ஸ் சத்தம் நின்றது.
டாஸ்க் ஷெட்யூலரைத் திற என்றான்.
உச்ச உரிமை, டிக்.
யாரும் உள்நுழையாவிட்டாலும் இயக்கு, டிக்.
"கோப்பை எவனும் தொட முடியாத இடத்தில் வை,
இல்லையென்றால் நாளை வேறொருவன்
தோர்கில்ஸ் பெயரில் வந்து உட்காருவான்."

வியாழன். பட்டப்பகல் என்று சொல்லிக்கொள்ளும்
அந்த இரண்டு மணி நேரச் சாம்பல் வெளிச்சம்.
ஆல்ஃப்ருனைத் தொட்டியருகே நிறுத்திவிட்டு
மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.
அறுபதுவரை எண்ணி ஏற்றினேன்.

கணினி எழுந்தது.
பெட்டி இல்லை.
ஆனால் தோர்கில்ஸின் பச்சை ஜன்னலும் இல்லை,
அந்த அசிங்கமான பெரிய எண்களும் இல்லை.
வெறும் திரை.
அதில் போன கோடையில் பிடித்த மீனோடு என் முதலாளி.
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

அப்போதுதான் ஆல்ஃப்ருன் கத்தினாள்:
"குமிழி! ஸ்டெய்ன்வோர், குமிழி வருது!"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.
யாரும் நுழையாத ஒரு வீட்டுக்குள்,
முகம் காட்டாமல்,
ஜன்னல் எதற்கு என்று கேட்பதுபோல்.

இனி அதைப் பார்க்க முடியாது.
தண்ணீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடப்போகும்போது கவனித்தேன்.
பட்டியலின் ஓரத்தில் ஒரு சின்ன வரி,
யாரும் என்னைக் கேட்காமலே நிரப்பியது.
உருவாக்கியவர்:
அதன் எதிரே என் பெயர்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

அன்றிரவு மூன்று மணிக்கு விழித்தேன்.
கரண்ட் இருந்தது.
வெளியே வாசற்படியில் முழங்கால் அளவு பனி.
தோர்கில்ஸின் எண்ணை எடுத்து
வெகுநேரம் வைத்திருந்துவிட்டு
ஒரே வரி அனுப்பினேன்:
மண்வெட்டியைத் திருப்பி அனுப்பு.