பிரிந்ததா

மூன்றாம் நாளும் வால் மேலே, தலை கீழே.
எழுநூறு கிலோ சாம்பல் நிறம்
கவிழ்ந்த படகாய் மிதக்கிறது.
மண்டாயில் இரவு மணி ஒன்று.
கூட்டம் போய் வெகுநேரம்.
வடிகட்டி மட்டும் தனக்குள் முனகிக்கொண்டிருக்கிறது.

கடற்பசு விட்டால்தான் மூழ்கும்.
தின்ற கங்கோங் எல்லாம்
நாற்பது மீட்டர் குடலில் ஒரு வாரம் நடந்து
நொதித்துக் காற்றாகும்.
மிதக்க வேண்டுமா, வைத்துக்கொள்ளும்.
அடியில் போய்ப் படுக்க வேண்டுமா, விட்டுவிடும்.
போங்சுவுக்கு விட வரவில்லை.

டாக்டர் சியூ லிங்
குழாய் வழியே எண்ணெய் செலுத்தினாள்.
ஹம்டான் தண்ணீரில் இறங்கி
வயிற்றோடு வயிறாக நீந்தி
உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தடவுகிறான்,
மலாயில் ஏதோ கெஞ்சுகிறான்,
பிள்ளையைக் கழிவறையில் உட்காரவைத்த தகப்பன் குரலில்.
மேல் பலகையில் நான், பதிவேட்டோடு.
ஒன்று ஐம்பது: இல்லை.
இரண்டு: இல்லை.
இரண்டு பத்து.

போன வருடம் இதே கேள்வியை
வேறொருத்தி கேட்டாள்.
டான் டோக் செங், எட்டாம் மாடி,
குடலை வெட்டித் தைத்த மறுநாளிலிருந்து
காலையும் மாலையும்
திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, சத்தமாக,
"அங்கிள், காத்துப் பிரிஞ்சுதா?"
இளவழுதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இருபத்தாறு வருடம், ஈசூனில் ஒரே மூவறை வீடு.
ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.
கழிவறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுத்தான்
எதையும் செய்வார்.
எங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் பாதி
அவருடைய கூச்சத்துக்கு.
"இங்கே குழாய் இல்லையே" என்றேன் காதருகில்,
சிரிக்கட்டும் என்று.
தையல் வலிக்கும், சிரிக்க வைக்காதே என்றார்.
வயிறு மத்தளமாய் இறுகியிருந்தது.

ஆறாம் நாள் பிரிந்தது.
தாதி கேட்டது அதையல்ல.

நாலு இருபதுக்கு
வால் ஓரத்தில் ஒரு குமிழி,
உளுத்தம்பருப்பு அளவுதான்.
ஹம்டான் கையை எடுக்கவில்லை.
பிறகு நாலைந்து, பிறகு ஒரு சரம்,
பிறகு தோசைக்கல் அகலத்துக்கு ஒன்று
உருண்டு, நெளிந்து, மேலே வந்து
என் முகத்துக்கு நேராக உடைந்தது.
அவிந்த முட்டைக்கோஸ்,
மழை விட்ட மறுநாள் லோங்காங்.
மூக்கைப் பொத்தவில்லை நான்.
இன்னொரு மூச்சு இழுத்தேன்.

ஹம்டான் சிரித்ததில் தண்ணீர் குடித்து இருமினான்.
சியூ லிங் செருப்பைக் கழற்றிப் பலகையில் தட்டினாள்.
வால் மெல்ல இறங்கியது,
ஒரு பெரிய வீட்டின் விளக்குகள்
அறை அறையாக அணைவதுபோல.
மணலில் வயிறு பட்டது.
கண்ணை மூடிக்கொண்டாள் போங்சு.

பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டத்தில்
கை தமிழில் எழுதிவிட்டது:
பிரிந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன் அந்தச் சொல்லை.
ஒரு நடுக்கம்.
அவசர அவசரமாக
அதற்கு முன்னால் சேர்த்தேன்
காற்று என்று.