இரண்டு விரல் நூல்

பதினோராம் நாள்
இடது கால் கொலுசு சுற்றவில்லை.

வலது கால் கொலுசு
தொட்டிலை ஆட்டும்போதே புரண்டு
திருகாணியைக் காட்டும்.
இடது மட்டும்
சதைக்குள் உட்கார்ந்து பல் பதித்திருந்தது.

பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்
என்றாள் அம்மா.
அப்படித்தான், என்றாள் பால் ஊற்ற வந்தவள்.
பக்கத்து வீட்டு ரெஜினாக்கா
தன் மூன்று பிரசவத்தையும் வரிசையாகச் சொல்லி
மூன்றாவதில் செருப்பே நுழையலட்டி என்று சிரித்தாள்.
ரெண்டு செருப்புமா? என்றேன்.
ரெண்டும்தான்.

அவளுக்கு ரெண்டும்.

கத்தி வைத்து எடுத்த பிள்ளை.
தையல் விட்டுவிடும் என்று பயந்து
கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தேன் ஒரு வாரம்.
கெண்டைக்கால் அதைக்
கணக்கு வைத்திருக்கிறது போல.

வலி என்றும் சொல்ல முடியாது.
ஆயிரம் பீடி முடித்துவிட்டு எழும்பும்போது
காலில் ஒரு பிடி பிடிக்குமே, அது.
உதறினால் விட்டுவிடும்.
இது விடவில்லை.
தொட்டால் அந்த இடம் மட்டும்
உலைமூடி மாதிரி சுட்டது.

காய்ச்சிய எண்ணெயோடு சீனியத்தை வந்தாள்.
நாலு இழுப்பு இழுத்தா இறங்கிரும், நீட்டு காலை.
நான் மடக்கிக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டால்
இன்றைக்கும் பதில் இல்லை என்னிடம்.

அந்த நேரம் பார்த்துத்தான்
கடையில் பீடி போட்டுவிட்டு வந்தாள்
தங்கபுஷ்பம் மைனி,
கழித்துப்போட்ட நாற்பது பீடிக்காகக்
கணக்கனை வைதுகொண்டே.
கட்டில் ஒரு பீடி தடித்திருந்தாலும்
பார்க்காமலே உருவி எறியும் விரல்கள் அவளுக்கு.
என் காலில் கை வைத்தாள்.
வசவு நின்றுபோனது.

சுளகிலிருந்து சிவப்பு நூலை எடுத்து
வலது கெண்டைக்காலைச் சுற்றிச்
சரியாக முட்டும் இடத்தில் அறுத்தாள்.
அதே நூல், இடது காலில்.
முட்டவில்லை.
நடுவில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள்,
இரண்டும் நுழைந்தன.

ஒரே ஆளு, ஒரே பிரசவம்,
காலு மட்டும் ரெண்டு அளவா?
எண்ணெய மூடுங்க சீனியத்தை.

நர்ஸம்மா போனில் கத்தியது எனக்கே கேட்டது:
தேய்க்காதீங்க. நடக்க விடாதீங்க.
இப்பவே ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க.
மூச்சு வாங்குதா, நெஞ்சு குத்துதான்னு
கேட்டுக்கிட்டே போங்க.

பேட்டை கேட் அடைத்திருந்தது.
செங்கோட்டை ரயில் வருகிற வழியாயில்லை.
ஆட்டோவில் குறுக்காகக் கால் நீட்டி நான்,
மடியில் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை.
மூச்சு வாங்குதா? என்பாள்.
இல்லை என்பேன்.
இப்போ?
இல்லை மைனி.
அவளுக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

குளிர்ந்த பசையைத் தடவித்
திரையைப் பார்த்தபடி டாக்டர் பெண் சொன்னாள்,
ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு.
யாராவது தேய்ச்சு விட்டாங்களா?
இல்லை.
பேனாவைக் கீழே வைத்தாள்.
நல்லவேளை, என்றாள்.
அதைச் சொன்ன விதத்தில்தான்
முதல்முதலாகப் பயந்தேன் நான்.
கட்டி அங்கிருந்து கிளம்பினால்
போய்ச் சேரும் இடம் நுரையீரலாம்.

பால் கொடுக்கலாமா, என்றாள் மைனி.
தாராளமா.

இப்போது தினமும் வயிற்றில் ஊசி.
நானே போட்டுக்கொள்கிறேன்,
தையலை விட்டுத் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து.
கொலுசு இரண்டும் பீரோவில்.
யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கிறது என்றால்
அம்மா இப்போதெல்லாம்
பெயரைக்கூடக் கேட்பதில்லை,
கால் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா என்கிறாள்.
கேட்பவர்கள் விழிக்கிறார்கள்.

அந்த நூலை என்ன செய்தாய் என்று
நேற்று மைனியிடம் கேட்டேன்.
பீடி கட்டிட்டேன்,
ஏழெட்டு பீடிக்கு வந்துது.
பிறகு நூலுக்கு உங்க அண்ணனா கணக்கு சொல்லுவான்?

முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ
யாரோ ஒருத்தர்
என் வலது காலின் அளவைப் பிரிக்காமல்
பற்றவைத்து
இழுத்து முடித்திருப்பார் இந்நேரம்.