ஏழாவது குழி

உம் அல் குவைனில்
டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் ஆய்வகம்.
பெயர்ப்பலகையில் ஒட்டகம், குதிரை, வல்லூறு.
வாடகை கட்டுவது வல்லூறு.

குஞ்சுக்கு இருபத்திரண்டு நாள்.
ஆணா பெண்ணா, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.
பெண்தான் பெரிதாக வளரும். விலையும் கூடவே வளரும்.
முன்னறையில் ஹுமைத்
கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கிறான்.
அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு இறகு,
அடித்தண்டில் கடுகளவு ரத்தம்.

கடுகு போதும்.

தொண்ணூற்று நான்கு டிகிரியில்
முறுக்கிக் கிடந்த இரண்டு இழைகளும் விலகும்.
ஐம்பத்தைந்துக்கு ஆறியதும்
நான் இட்ட சிறு துண்டுகள்
தத்தம் இடம் தேடிப் போய் உட்காரும்.
எழுபத்திரண்டில் நொதி எழுதத் தொடங்கும்,
ஈற்றடி கொடுத்தால் வெண்பா முடிக்கும் புலவன் மாதிரி.
இல்லை, அப்படியும் இல்லை.
புலவன் ஒரு சீராவது தன் இஷ்டத்துக்கு வைப்பான்.
இதற்கு ஏ வந்தால் டி, ஜி வந்தால் சி.
யாப்பு அவ்வளவுதான்.

வெந்நீர் ஊற்றில் வாழ்ந்த நுண்ணுயிரின் நொதி இது.
வேறு எதுவாயிருந்தாலும்
முதல் சுற்றிலேயே வெந்து கெட்டிருக்கும்.
சூட்டில் வேலை செய்யும் என்பதற்காகவே
தேர்ந்தெடுத்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே நாற்பத்தைந்து டிகிரி.
ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு
ஒருவர் லாரிச் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றுகிறார்.
ஒப்பிடப் போவதில்லை நான்.

மறுபடி தொண்ணூற்று நான்கு. மறுபடி ஐம்பத்தைந்து.
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி,
பத்தாம் சுற்றில் ஆயிரம் தாண்டி,
இருபதில் பத்து லட்சம் தாண்டி,
முப்பத்தைந்து வரைக்கும் போகும்.
அதற்குள் தயிர்சாதம் தின்று
டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பிறகு ஜெல். ஏழு குழிகள்.
ஏழாவதில் தண்ணீர் மட்டும்.
இறகில்லை, ரத்தமில்லை, யாருமில்லை.
அது சும்மா இருக்கவேண்டும்.
அது சும்மா இருந்தால்தான்
மற்ற ஆறும் சொல்வதை நம்பலாம்.

நீல வெளிச்சத்தில் பார்த்தேன்.
குஞ்சின் குழியில் இரண்டு கோடு: பெண்.
ஏழாவதிலும் இரண்டு கோடு.
தண்ணீர் தன்னைப் பெண் வல்லூறு என்கிறது.

"மங்கலாகத்தானே இருக்கு" என்றாள் ரோவீனா.
மங்கல்தான்.
நேற்று வந்துபோன எவளோ ஒருத்தியின் தூசி
என் சட்டைக் கையிலோ, பிப்பெட் முனையிலோ,
குளிர்சாதனக் காற்றிலோ இருந்திருக்கிறது.
எந்திரம் விசாரிக்காது.
கிடைத்ததைப் பெருக்கும்,
பொய்யையும் அதே அக்கறையோடு.

படத்தை ஆறாவது குழியோடு வெட்டிவிடலாம்.
ஹுமைத் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான்.
இரண்டு மாதம் கழித்துத்
தராசு அவனிடம் வேறொன்று சொல்லக்கூடும்.

முன்னறைக்குப் போனேன்.
"பிந்த்?" என்று எழுந்தான்.
"பக்ரா" என்றேன். நாளைக்கு.
"தண்ணீர் சரியில்லை" என்று
என் அரைகுறை அரபியில் விளக்கினேன்.
பாவம் என்று நினைத்தானோ என்னவோ,
தன் கையிலிருந்த பாட்டிலை
எனக்குக் குடிக்க நீட்டினான்.

மேசையை பிளீச் விட்டுத் துடைத்து,
முனைகளை, உறைகளை, திறந்த குப்பிகளையெல்லாம்
குப்பையில் போட்டு,
புதுத் தண்ணீர் உடைத்து
மறுபடி முதலிலிருந்து.

இரவு பதினொன்றரை.
ஏழாவதைத்தான் முதலில் பார்த்தேன்.
கருப்பு. சுத்தக் கருப்பு.
ஒன்றுமில்லாததைப் பார்த்து
இத்தனை நிம்மதி வந்து வெகுநாளாயிற்று.
அப்புறம்தான் குஞ்சு ஞாபகம் வந்தது.
ஒரே கோடு.

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிவிட்டு
என் நோட்டில் மட்டும் தமிழில் எழுதினேன்: ஆண்.
இரண்டு எழுத்து.
பெண்ணுக்கும் இரண்டுதான்.
நடுவே சில ஆயிரம் திர்ஹாம்.

எந்திரத்தை அணைத்தேன்.
மூடி இன்னும் சுட்டது.